தென்கிழக்குப் பல்லி

டக், டக், டக் என்று மூன்று தரம் கேட்டது. கேட்ட பிறகுதான் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். தகரக் கூரையும் சுவரும் சேருகிற இடுக்கில் ஒரு வால் நுனி தெரிந்தது, அந்த இடுக்குக்குள்ளிருந்து தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது.

“ரெண்டாம் லைன் செவப்புப் பட்டன் வேலை செய்யல சார். அமுக்குனா மெஷின் நிக்காது. யாரு கையாவது உருளைக்குள்ள போச்சுன்னா போனதுதான்.”

தங்கபுஷ்பம் எங்களோடுதான் நின்றாள், மூன்றாவது வரிசையில், தலையில் வலைத்தொப்பியும் இடுப்பில் ஏப்ரனுமாக, உதடு இரண்டையும் பசை போட்டு ஒட்டினவள் மாதிரி. குரல் அவளுடையது, வாய் பல்லியுடையது. இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு அவகாசம் இல்லை, ஏனென்றால் பல்லி சொன்னால் தட்ட வேண்டும், அது பால்குடி நாளிலிருந்து கையில் ஊறிப்போன பழக்கம். ஆகவே சுவரோரம் நின்றவர்கள் சுவரையும், மேஜையோரம் நின்றவர்கள் மேஜையையும், எதுவும் கைக்கு எட்டாதவர்கள் முன்னால் நின்றவரின் முதுகையும் விரல் முட்டியால் மூன்று தரம் தட்டினோம்.

எங்கள் பிஸ்கட் கம்பெனி ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில், தீப்பெட்டிக் கம்பெனிக்கும் தண்ணீர் பாட்டில் கம்பெனிக்கும் நடுவில் இருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு மாவு பிசைகிறவர்கள், அச்சு உருளையில் நிற்கிறவர்கள், அடுப்பைப் பார்க்கிறவர்கள், பேக்கிங்காரர்கள் எல்லோரும் கூடி வலது கையை நீட்டி, தரம் காப்போம் என்று உறுதிமொழி எடுப்போம். முடிந்ததும் புரொடக்ஷன் மேனேஜர் கோமதிநாயகம் சார், யாருக்கும் ஏதும் சொல்லணுமா, தைரியமாச் சொல்லலாம் என்று கேட்பார். கேட்டுவிட்டு மனதுக்குள் ஏழு வரை எண்ணுவார், அவர் உதடு அசைவதைப் பார்த்து நாங்களும் கூடவே எண்ணுவோம், ஏழு முடிந்ததும் சந்தோசம் என்று சொல்லி விசிலை ஊதுவார். அந்த ஏழுக்குள் ஒரே ஒருவன் பேசியிருக்கிறான். பேக்கிங் மாரியப்பன், ஃபேன் ஓடவில்லை என்று சொன்னான். ஃபேனைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவில்லை. உன்னை யாரு சொல்லச் சொன்னா என்றுதான் கேட்டார்கள். கம்பெனியில் இரண்டு பக்கம் உண்டு, கோமதிநாயகம் சார் பக்கம் ஒன்று, தரக்கட்டுப்பாட்டு ஜெபமணி சார் பக்கம் ஒன்று. ஃபேன் ஓடவில்லை என்றால் அது ஜெபமணி பக்கத்துப் பேச்சு, பிஸ்கட் கருகுகிறது என்றால் அதுவும் ஜெபமணி பக்கம், பிஸ்கட் பொன்னாட்டம் வருகிறது என்றால் கோமதிநாயகம் பக்கம், தலைவலிக்கிறது என்றால் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று விசாரித்து முடிவு செய்வார்கள். மாரியப்பனை முற்றத்து வெயிலில் தட்டு கழுவப் போட்டார்கள். கழுவினான், கழுவினான், ஒரு நாள் பாதி கழுவின தட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

சிவப்புப் பட்டன் விஷயம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம். தங்கபுஷ்பம்தான் முதலில் கண்டுபிடித்தாள், ஒரு நாள் துடைக்கிற வேகத்தில் கை பட்டு அது அமுங்கிவிட்டது, பதறிப்போய் நிமிர்ந்து பார்த்தால் உருளை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. முறைப்படி பட்டன் அமுங்கினால் லைன் நிற்கும், லைன் நின்றால் அடுப்புக்குள் இருக்கிற பிஸ்கட் அத்தனையும் கரியாகும், கரியானால் மேலே பதில் சொல்ல வேண்டும். அதனால் கோமதிநாயகம் சார் வயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, ‘ரெண்டாம் லைன் நிற்காமல் ஓடிய நாட்கள்’ என்று ஒரு பலகையும் மாட்டியிருந்தார். தங்கபுஷ்பம் பதினொரு வருஷம் காண்ட்ராக்டில் இருந்தவள். ஆவணி ஒன்றாம் தேதி ஒட்டப்போகிற பெர்மனெண்ட் பட்டியலில் அவள் பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது என்று ஆபீஸ் பக்கம் பேச்சு. பென்சிலை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

பல்லி பேசிய செய்தி கேட்டு முதலாளி தவசிமுத்து அண்ணாச்சி ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்தார். நல்ல மனுஷர், பொங்கலுக்குப் பொங்கல் எல்லோருக்கும் துணி எடுப்பார், பஞ்சாங்கத்தைக் கேட்காமல் சவரம்கூடச் செய்துகொள்ள மாட்டார்.

“எந்தத் திசையிலவே சொல்லிச்சு?” என்றார்.

“அண்ணாச்சி, அது வந்து, பட்டன்…” என்று கோமதிநாயகம் சார் இழுத்தார்.

“பட்டன் கெடக்கட்டும்வே. திசையச் சொல்லும்.”

தென்கிழக்கு. கிழமை செவ்வாய். அண்ணாச்சி பஞ்சாங்கத்தில் பல்லி சொல்லுக்குப் பலன் என்ற பக்கத்தைப் பிரித்து, விரலால் கட்டம் கட்டமாக இறங்கி, ‘உறவினர் வருகை’ என்று வாசித்தார். உடனே பத்துப் பேருக்கு டீயும் மிக்சரும் வாங்கிவரச் சொன்னார். பதினொன்றரை மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து அவர் மச்சினன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு அந்தப் பல்லியின் வாக்கைச் சந்தேகிக்க எங்களில் யாருக்கும் துணிவு இருக்கவில்லை.

மறுநாளும் பேசியது, அதற்கு மறுநாளும் பேசியது, கோமதிநாயகம் சார் ஏழு எண்ணுகிற அந்த நேரத்துக்குள் எவர் தொண்டையில் எது வந்து நிற்கிறதோ அதை அவர் குரலிலேயே எடுத்துப் பேசியது. வியாழக்கிழமை வடக்குச் சுவரிலிருந்து பேக்கிங் பெண்களின் குரலில், கக்கூஸ் கதவுக்கு மூன்று மாதமாகத் தாழ்ப்பாள் இல்லை என்றது. வடக்கு, வியாழன், சுபச்செய்தி. அண்ணாச்சி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பெண்கள் லட்டைத் தின்றுவிட்டு, எப்போதும்போல ஒருத்தி உள்ளே போக ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள, இரண்டு இரண்டு பேராகக் கக்கூசுக்குப் போனார்கள். சனிக்கிழமை கிழக்குச் சுவரிலிருந்து கோமதிநாயகம் சாரின் குரலே வந்தது, எனக்கும் பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி, லைன் நின்னா நீங்க ஏசுவீகன்னுதான் வயரைக் கழட்டுனேன் என்று அது கிட்டத்தட்ட அழுதது. கோமதிநாயகம் சார் முகம் வெளுத்து நின்றார். கிழக்கு, சனி, வாகன யோகம். அண்ணாச்சி அவர் தோளைத் தட்டி, வண்டி எடுக்கப்போறீரு, சொல்லவே இல்லையே என்றார். எல்லோரும் கை கொடுத்தோம். அவர் தவணையில் ஒரு ஸ்கூட்டர் எடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு காரியங்கள் ஒழுங்குக்கு வந்தன. திசையில் தகராறு வரக்கூடாது என்று கூட்டம் நடக்கிற தரையில் மஞ்சள் பெயிண்டால் எட்டுத் திசையும் வரைந்தார்கள். லாபத்துக்குரிய வடகிழக்குச் சுவர் தன் பக்கம் என்று கோமதிநாயகம் சாரும், இல்லை, தன் லேபோடு சேர்ந்தது என்று ஜெபமணி சாரும் சண்டை போட்டு, கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு டியூப்லைட்டை அங்கே மாட்டினார்கள், பூச்சி வந்தால் பல்லி வரும், பல்லி வந்தால் லாபம் வரும் என்று. தின்பண்டம் செய்கிற இடத்தில் பல்லி இருக்கலாமா என்று கேட்க ஓர் அதிகாரி வரப்போவது தெரிந்ததும், பல்லி இருக்கக்கூடாதுதான், ஊழியர் இருக்கலாமே என்று ஜெபமணி சார் யோசனை சொல்லி, பதிவேட்டில் அதற்கு ஊழியர் எண் 214 என்று ஒரு வரி போட்டார். அதிகாரி வந்தார், பார்த்தார், பதிவேட்டைப் புரட்டினார், ‘எண் 214 தலைத்தொப்பி அணியவில்லை’ என்று ஒரு குறை எழுதிவிட்டுப் போனார். உருளையில் தங்கபுஷ்பத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற எஸ்தர், விரல் நுனி அளவுக்கு ஒரு வலைத்தொப்பி தைத்து ஆணியில் தொங்கவிட்டாள். பல்லி அதை ஒரு நாளும் போட்டுக்கொள்ளவில்லை. அந்த விஷயத்தில் அது ஒன்றுதான் எங்களில் தைரியசாலி.

நாங்கள் சுகப்பட்டோம் என்றே சொல்ல வேண்டும். நாம் பேசினால் நம் பெயர் கெடும், பல்லி பேசினால் பலன் வரும். மனதில் இருந்தது வெளியே வந்தும் விட்டது, வந்ததற்கு நாம் பொறுப்பும் இல்லை, இதைவிட என்ன வேண்டும் என்று இருந்தோம். போகப்போக வீட்டிலும் பேச்சுக் குறைந்தது. குழம்பில் உப்பில்லை என்பதைக்கூட வீட்டுப் பல்லி சொல்லட்டும் என்று தட்டின் முன்னால் காத்திருந்தோம். வீட்டுப் பல்லிகளுக்கு அவ்வளவு வேலைப்பழக்கம் கிடையாது.

எஸ்தர் மட்டும் மாவுக்கட்டியைத் தொட்டிக்குள் போடும்போதெல்லாம் நச்சரித்தாள்.

“யக்கா, பட்டன் காரியம் என்னாச்சு?”

“அதான் சொல்லியாச்சுல்லாட்டி.”

“நீயா சொன்ன?”

“பல்லி சொல்லிச்சுல்லா.”

“சொல்லி?”

“மிக்சர் தின்னோம்,” என்றாள் தங்கபுஷ்பம். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது இரண்டு பேர் கையும் உருளையிலிருந்து நாலு விரக்கடை தூரத்தில் இருந்தது.

ஆடி மாதம் ஊழியர் குழு என்று ஒன்று அமைத்தார்கள். தொழிலாளர் பிரதிநிதியாக யார் வருகிறீர்கள் என்று கேட்டு ஏழு எண்ணினார்கள், எட்டாவதாக 214 ஒருமனதாகத் தேர்வானது. அன்றிலிருந்து அது வடகிழக்குச் சுவரை விட்டு நகரவில்லை. இரண்டு டியூப்லைட்டுப் பூச்சிகளையும் தின்று வெண்டைக்காய் பருமனுக்கு வந்தது, வால் வழுவழுவென்று ஆனது, அன்றோடு எங்கள் குரலில் பேசுவதையும் நிறுத்திவிட்டது. முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. கோமதிநாயகம் சார், நம்ம கம்பெனில எந்தக் குறையும் கிடையாது என்று சொல்லி முடித்ததும் அது டக், டக், டக் என்றது. ஒருவர் சொல்லி முடிக்கும்போது பல்லி சொன்னால் அவர் சொன்னது சத்தியம் என்பது ஊரறிந்த சங்கதி. நாங்கள் சுவரைத் தட்டினோம். கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்றார், டக், டக், டக். சுவரைத் தட்டினோம். அன்றைக்குக் கக்கூசுக்குப் போன ஒருத்தி, துணைக்கு ஆள் வேண்டாம், தாழ்ப்பாள் இருக்காமே என்று தனியாகப் போய், பாதியில் அலறினாள்.

ஆடி இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி டீக்கு முன்னால், எஸ்தரின் ஏப்ரன் நாடா உருளையின் ஓரத்துப் பல்சக்கரத்தில் சிக்கியது. சிக்கின வேகத்தில் அவளைச் சுருட்டி இழுத்தது. யக்கா என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தங்கபுஷ்பம் சிவப்புப் பட்டனை அமுக்கினாள், பட்டன் செத்தது என்று உலகத்தில் எல்லோரையும்விட நன்றாக அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அமுக்கினாள், உள்ளங்கையால் அமுக்கினாள், முழங்கையால் அமுக்கினாள், உடம்பு முழுக்க அதன் மேல் சாய்ந்து அமுக்கினாள், உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மாவு வழிக்கிற தகட்டை எடுத்து நாடாவை அறுத்தாள். எஸ்தர் பின்னால் விழுந்தாள். ஏப்ரனும் தொப்பியும் உருளைக்குள் போய், அச்சு வாங்கி, பெல்ட்டில் ஏறி, அடுப்புக்குள் ஊர்ந்து, ஏழு நிமிஷம் கழித்து மறுமுனையில் பொன்னிறமாக வெளியே வந்தன, வரிசை வரிசையாகக் கம்பெனிப் பெயர் பதிந்து, ஓரத்தில் பூவேலையோடு. பேக்கிங்கில் ஒருவர் பழக்க தோஷத்தில் அதை உறைக்குள் போடப் போனார். எஸ்தரின் மோதிர விரலில் நகம் இல்லை. நிற்காமல் ஓடிய நாட்கள் பலகையில் நூற்றுப் பதினேழை அழித்து நூற்றுப் பதினெட்டு எழுதினார்கள்.

மறுநாள் காலை எஸ்தர் விரலில் கட்டோடு வந்து நின்றாள். அண்ணாச்சியும் பஞ்சாங்கத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உறுதிமொழி முடிந்தது.

“நேத்து நடந்தது எஸ்தரோட கவனக்குறைவு,” என்றார் கோமதிநாயகம் சார், எஸ்தரைப் பார்க்காமல். “மெஷின்ல எந்தக் குறையும் கிடையாது.”

டக், டக், டக்.

தட்டினோம். அத்தனை பேரும் தட்டினோம். எஸ்தரும் கட்டுப்போட்ட கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, இடது கையால் சுவரைத் தட்டினாள். அதைத் தங்கபுஷ்பம் பார்த்தாள்.

யாருக்கும் ஏதும் சொல்லணுமா என்றார் கோமதிநாயகம் சார். உதடு அசைய ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள்.

டக், டக், டக் என்றது வாய்.

மூன்று மாதமாகக் குரலைச் சுவருக்கு வாடகைக்கு விட்டிருந்தவள், வாய்க்குள் வேறு என்ன மிச்சம் இருக்கும். நாங்கள் யோசிக்காமல் தட்டினோம். அவளுக்குப் பின்னால் நின்றவர் அவள் முதுகிலேயே தட்டினார். அண்ணாச்சி பஞ்சாங்கத்தைப் பிரித்தார். அவள் தொண்டையைச் செருமினாள், இன்னொரு தரம் டக் என்றது, இன்னொரு தரம் செருமினாள், பிறகு துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி, அவள் குரல் போலவே இல்லாத ஒரு குரலில் வந்தது.

“செவப்புப் பட்டன் வேலை செய்யல அண்ணாச்சி.”

“ஒன்னய யாரும்மா சொல்லச் சொன்னா?” என்றார் கோமதிநாயகம் சார். “ஜெபமணியா?” நான் இல்லை, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஜெபமணி சார் தூணுக்குப் பின்னால் போனார்.

அண்ணாச்சி தரையில் மஞ்சள் கோட்டைப் பார்த்தார், அவள் நின்ற இடத்தைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார். “மேற்கு, புதன். பொருள் நஷ்டம்,” என்று வருத்தமாகச் சொன்னார்.

அவள் வரிசையை விட்டு வெளியே வந்து, மஞ்சள் கோட்டோடு நடந்து வடமேற்கில் போய் நின்று, செவப்புப் பட்டன் வேலை செய்யல அண்ணாச்சி என்றாள். வடமேற்கு, புதன், புதுத்துணி என்றார் அண்ணாச்சி. வடக்கில் போய் நின்று சொன்னாள். பிரயாணம் என்றார். வடகிழக்கில், பல்லிக்கு நேர் கீழே நின்று சொன்னாள். பல்லி தலையைத் தூக்கிப் பார்த்தது, ஒன்றும் சொல்லவில்லை. லாபம் என்றார், அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கிழக்குக்குப் போகும்போது அவளுக்குப் பின்னால் எஸ்தரும் நடந்தாள். எஸ்தருக்கும் முதலில் டக் டக் என்றுதான் வந்தது. துக்கச் செய்தி என்றார் அண்ணாச்சி. தென்கிழக்கு. தெற்கு. தென்மேற்கு. எட்டும் முடிந்தபோது அந்த ஒரு புதன்கிழமைக் காலைக்கு நஷ்டம், புதுத்துணி, பிரயாணம், லாபம், துக்கம், விருந்து, வழக்கு, கல்யாணம் அத்தனையும் சேர்ந்திருந்தன, கட்டத்தில் வேறு இடம் இல்லை. அண்ணாச்சி முன்பக்கம் புரட்டினார், பின்பக்கம் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு பஞ்சாங்கத்தை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“எந்தப் பட்டன்மா?” என்றார்.

யாரும் தட்டவில்லை. அவர் எழுந்து போய், மெஷினைப் போடச் சொல்லி, பட்டனைத் தானே அமுக்கிப் பார்த்தார். உருளை சுற்றியது. இரண்டாம் தரம் அமுக்கினார். பிறகு எஸ்தரின் விரலைப் பார்த்தார், அதுவரை அவர் அதைப் பார்க்கவில்லை என்று நாங்கள் எல்லோரும் அப்போது தெரிந்துகொண்டோம். வயர்மேன் சண்முகையா குறடோடு வந்து, டேப் சுற்றி ஒதுக்கியிருந்த இரண்டு வயர்களைப் பிரித்து மாட்டினான். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

ஆவணி ஒன்றாம் தேதி பட்டியல் ஒட்டினார்கள். மூன்றாவதாக 214 இருந்தது. தங்கபுஷ்பம் இல்லை. அவள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் காகிதம் லேசாகத் தேய்ந்து, ரப்பர்த் தூள் ஒட்டியிருந்தது. அவள் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து இரண்டு தரம் வாசித்தாள். நீ எந்தப் பக்கம் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவள் இல்லாத இடங்களில் கேட்டுக்கொண்டார்கள். பல்லி இன்னும் வடகிழக்கில்தான் இருக்கிறது, டியூப்லைட்டை விட்டு நகர முடியாத அளவுக்குப் பருத்துவிட்டது. கோமதிநாயகம் சார் இப்போதும் ஏழு எண்ணுகிறார். சில நாள் நான்கிலோ ஐந்திலோ யாராவது ஒருவர் தொண்டையைச் செருமுவது கேட்கிறது. அவர் எண்ணுவதை நிறுத்திப் பார்க்கிறார், செருமினவர் இருமலாக்கிவிடுகிறார், ஒன்றிலிருந்து திரும்ப எண்ண வேண்டியிருக்கிறது. காலைக் கூட்டம் முன்னைவிடக் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

விசில் ஊதினதும் தங்கபுஷ்பம் ரெண்டாம் லைனுக்குப் போகிறாள். மெஷினைப் போட்டதும், அடுப்புக்குள் ஒன்றும் போவதற்கு முன்னால், சிவப்புப் பட்டனை ஒரு தரம் அமுக்குகிறாள். உருளை நிற்கிறது. பெல்ட் நிற்கிறது. எதிர்ப்பக்கம் எஸ்தர் நகம் பாதி முளைத்த விரலை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, நிக்குதுக்கா, போடு என்கிறாள். தங்கபுஷ்பம் பட்டனை விடுவித்து, நேற்றைய மாவு காய்ந்து ஒட்டியிருக்கிற தொட்டி விளிம்பைத் தகட்டால் வழித்துவிட்டு, முதல் மாவுக்கட்டியை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே போடுகிறாள்.